பாலாற்றுத் தீர்ப்பைக் கொண்டு சட்டப் புத்தகம் படிக்கப் பழகுதல்

சட்டப் புத்தகத்தை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களில் பலர் முதல் பக்கத்தில் தொடங்கிப் பத்தாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள். காட்பாடியில் இருக்கும் என் அக்கா மகள் சட்டக் கல்லூரியில் சேர்ந்த சில வாரங்களில், "மாமா, படிக்கிறேன், ஆனா எது மனுதாரர் சொன்னது, எது சட்டம் சொல்றது, எது நீதிபதி சொன்னதுன்னு பிரிக்கவே தெரியல" என்றாள். படிக்கத் தெரியாததன் முழு நோயும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருந்தது. அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முறையையே, சட்டப் படிப்பு இல்லாதவர்களும் பின்பற்றக்கூடிய வகையில் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக்கு நம் மண்ணிலிருந்து சென்ற வழக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுப்பதை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நலப் பேரவை இந்திய ஒன்றியத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் எங்கே இருக்கின்றன என்று அறிந்த ஒருவருக்கு இந்தத் தீர்ப்பின் பாதிப் பொருள் முன்பே தெரியும். மீதிப் பாதிக்கு ஒரு பென்சிலும் ஒரு நோட்டும் போதும்.

முதற்படி: புத்தகங்களைச் சேர்த்தல்

மூன்று நூல்கள் தேவை: தீர்ப்பின் முழு வாசகம், 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், இந்திய அரசமைப்புச் சட்டம். மத்தியச் சட்டங்கள் 'இந்தியா கோட்' என்னும் அரசுத் தளத்திலும், தீர்ப்புகள் உச்ச நீதிமன்றத்தின் தளத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அச்சு நூல் வேண்டுவோர் கடையில் 'பேர் ஆக்ட்' என்று கேட்கலாம்; உரையாசிரியர் விளக்கம் ஏதுமின்றிச் சட்டவாசகம் மட்டும் அச்சிட்ட மெல்லிய நூல் அது.

பழைய புத்தகக் கடையில் வாங்குவோர் பதிப்பாண்டைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. சுற்றுச்சூழல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, விதிமீறலுக்கு ஐந்தாண்டுகள் வரை சிறை அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று முன்பு கூறியது. 2023-ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் அந்தச் சிறைத் தண்டனையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரையிலான பணத்தண்டமாக அதை மாற்றிவிட்டது. அதுபோலவே 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துள்ளது. மலிவாகக் கிடைத்ததென்று பழைய பதிப்பை வாங்கி, அதிலுள்ள தண்டனையை இன்றைய சட்டமென்று நம்பி ஒருவர் மனு எழுதிவிட்டால், அவர் சேமித்த ஐம்பது ரூபாய்க்கு எந்தப் பொருளும் இல்லை.

இரண்டாம் படி: முகவரியைப் படித்தல்

இவ்வழக்கைப் புத்தகங்கள் '(1996) 5 எஸ்.சி.சி. 647' என்று குறிக்கும். 'சுப்ரீம் கோர்ட் கேசஸ்' (எஸ்.சி.சி.) என்னும் தீர்ப்புத் திரட்டில், 1996-ஆம் ஆண்டின் ஐந்தாம் தொகுதியில் 647-ஆம் பக்கம் என்பது இதன் பொருள். 'ஏ.ஐ.ஆர். 1996 எஸ்.சி. 2715' என்பது அதே தீர்ப்புக்கு 'ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்' (ஏ.ஐ.ஆர்.) என்னும் வேறொரு திரட்டு தரும் முகவரி. ஒரு வீட்டுக்கு இரு தெருவிலும் வாசல் இருப்பது போன்றது இது.

மூன்றாம் படி: சட்டத்தை முன்னதாகப் பார்த்தல்

தீர்ப்புக்குள் நுழையும் முன் சட்டத்தின் மூன்று இடங்களைப் படித்துவிட வேண்டும். 2-ஆவது பிரிவு சொற்களுக்கு வரையறை தருகிறது. நீர், காற்று, நிலம் ஆகியவற்றோடு, அவற்றுக்கும் மனிதர், பிற உயிர்கள், செடிகொடிகள், நுண்ணுயிர்கள், உடைமைகள் ஆகியவற்றுக்கும் இடையிலான தொடர்பும் 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லுக்குள் அடங்கும் என்கிறது. 5-ஆவது பிரிவு, ஆலையை மூடும்படி ஆணையிடும் அளவுக்கு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 3-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவோ, மத்திய அரசு ஓர் அதிகார அமைப்பை ஏற்படுத்தலாம் என்கிறது.

இங்கே 'லாம்' என்ற ஈற்றின் கீழ் கோடு போடுங்கள். சட்டத்தில் 'ஏற்படுத்தலாம்' என்பதற்கும் 'ஏற்படுத்த வேண்டும்' என்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் பல வழக்குகள் பிறக்கின்றன. நாம் படிக்கப்போகும் வழக்கிலும் அந்த 'லாம்' முக்கியமான இடத்தைப் பிடிக்கிறது.

நான்காம் படி: பென்சில் இல்லாமல் ஒரு முறை

தீர்ப்பின் தொடக்கத்தில் 'ஹெட்நோட்' என்ற சுருக்கம் அச்சாகியிருந்தால், அதைத் தாண்டிச் சென்றுவிடுங்கள். அது திரட்டின் பதிப்பாசிரியர் எழுதியது. நீதிபதியின் வாக்கு அதற்குப் பின்னரே தொடங்குகிறது. கதை புரியும் அளவுக்கு ஒரு முறை ஓடிப் படித்தால் போதும். நம் வேலூர் மாவட்டத்தைத் தீர்ப்பு 'வட ஆற்காடு அம்பேத்கர்' என்று குறிப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். அப்போதைய பெயர் அதுதான்.

ஐந்தாம் படி: யார் பேசுகிறார் என்று குறித்தல்

இதற்கு மட்டும் ஒரு மாலைப்பொழுதை முழுமையாக ஒதுக்குங்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ஓர் எழுத்து எழுத வேண்டும்: மனுதாரர் கூற்றுக்கு 'ம', எதிர்த்தரப்புக்கு 'எ', அறிக்கை அல்லது ஆய்வுக்கு 'ஆ', சட்டவாசகத்துக்கு 'ச', நீதிமன்றத்தின் சொந்த முடிவுக்கு 'நீ'.

தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற செய்தி, வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்த முதற்கட்டக் கணக்கெடுப்பாகத் தீர்ப்பில் வருகிறது, அதற்கு 'ஆ'. குரோம் முறையில் பதனிட ஏறக்குறைய 170 வகை இரசாயனங்கள் பயன்படுகின்றன என்பது மனுவில் கூறப்பட்டதாக வருகிறது, அதற்கு 'ம'. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருவது உண்மையே எனினும், சூழலை அழிக்கும் உரிமை அதற்கு இல்லை என்ற பத்தி நீதிமன்றமே பேசுவது, அதற்கு 'நீ'. மூன்றும் ஒரே அச்சில், ஒரே நடையில் இருப்பதால்தான் புதிதாகப் படிப்பவர் மயங்குகிறார். 'மனுவில் கூறப்பட்டுள்ளது', 'அறிக்கையின்படி', 'நாங்கள் கருதுகிறோம்' போன்ற தொடர்களே வழிகாட்டிகள். அக்கா மகள் முதல் முறை குறித்தபோது, நீதிமன்றத்துக்கு உரியதென அவள் எழுதிய எழுத்துகளில் பலவற்றை அழித்து 'ம' என்று திருத்த வேண்டியிருந்தது.

ஆறாம் படி: 'நீ' எழுதிய பத்திகளை மட்டும் திரும்பப் படித்தல்

இப்போது தீர்ப்பின் எலும்புக்கூடு தெரியும். முன்னெச்சரிக்கைக் கொள்கை (கேடு நேரும் முன்பே அதைத் தடுக்க வேண்டும் என்பது), மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தும் கொள்கை ஆகிய இரண்டும் இந்நாட்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின் பகுதிகள் என்று நீதிமன்றம் ஏற்கிறது. அதற்கு ஆதாரமாக அரசமைப்புச் சட்டத்தின் 21, 47, 48-அ, 51-அ(எ) ஆகிய உறுப்புகளைக் காட்டுகிறது. அந்த நான்கையும் உடனே எடுத்துப் படித்துவிடுங்கள். முன்னெச்சரிக்கைக் கொள்கையில், மெய்ப்பிக்கும் சுமை தொழில் நடத்துபவர் மீதே விழுகிறது என்ற கூறு மிக முக்கியமானது. ஆற்று நீர் கெட்டதென்று உழவர் ஆய்வுக்கூடம் தேடி அலைய வேண்டியதில்லை. தம் செயலால் சூழலுக்குக் கேடில்லை என்று ஆலைக்காரர் காட்ட வேண்டும்.

ஏழாம் படி: ஆணைகளைத் தனியே எழுதுதல்

கடைசிப் பக்கங்களில் உள்ள ஆணைகளை 'யார், என்ன, எந்த நாளுக்குள்' என்ற மூன்று கட்டங்களில் நோட்டில் எழுதுங்கள். ஆலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் மாசு அபராதத்தை 1996 அக்டோபர் 31-க்கு முன் ஆட்சியர் அலுவலகத்தில் செலுத்த வேண்டும். மத்திய அரசு அதிகார அமைப்பை 1996 செப்டம்பர் 30-க்கு முன் ஏற்படுத்த வேண்டும். மூன்றாம் படியில் கோடிட்ட 'லாம்', இங்கே தேதியுடன் கூடிய 'வேண்டும்' ஆகியிருப்பதைக் கவனியுங்கள்.

எட்டாம் படி: பின்வந்த தீர்ப்பைத் தேடுதல்

ஒரு தீர்ப்பைப் படித்து முடித்ததும், பின்னாளில் நீதிமன்றங்கள் அதை எப்படிக் கையாண்டன என்று பார்க்க வேண்டும். இதே பாலாற்றைப் பற்றி, வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் தீர்ப்பளித்துள்ளது. அதே நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி, அதே ஐந்து எழுத்துகளைக் கொண்டு அதைப் படியுங்கள். 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு பேசப்படும் இடங்களுக்கு மட்டும் வேறு நிறப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.