புகையா, தேங்கிய நீரா? டெங்கிக்கு எக்செலில் ஒரு கணினி மாதிரி கட்டுவது எப்படி

150 மீட்டருக்குள், 14 நாள்களுக்குள், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு டெங்கி வந்தால் சிங்கப்பூரின் தேசிய சுற்றுப்புற வாரியம் அதை ஒரு குழுமமாக அறிவிக்கும். அப்போது பேட்டையில் எழும் கேள்வி ஒன்றுதான். ஆட்களும் நேரமும் ஓரளவுக்கே இருக்கும்போது முதலில் புகையடிப்பதா, வீடுவீடாகப் போய்த் தேங்கிய நீரை அகற்றுவதா? இந்தக் கேள்விக்காக ஒரு சிறு மாதிரியைக் கட்டுவோம். எக்செல் அல்லது கூகல் ஷீட்ஸ் போதும், நிரல் எழுதத் தெரிய வேண்டாம்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறோம். அடுத்த மாதம் எத்தனை பேர் நோயுறுவார்கள் என்பதை இந்த மாதிரி சரியாகச் சொல்லாது. இரண்டு வழிகளில் எது மேல், எந்த நிலைமையில் அது மாறும் என்பதைச் சொல்லும். முடிவெடுப்பவருக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

“புகை, நீர் அகற்றல், இரண்டும் சேர்த்து: இந்த மூன்றில் எது 90 நாள்களில் மிகக் குறைவான தொற்றில் முடியும்?” வழிகள், கால எல்லை, அளவுகோல் மூன்றும் அந்த வரியில் இருக்கவேண்டும். “டெங்கி எப்படிப் பரவுகிறது” என்று தொடங்கினால் மழை, வெப்பம், நான்கு வகை வைரஸ் என்று நெடுவரிசைகள் கூடிக்கொண்டே போகும், கேள்வி மட்டும் அப்படியே நிற்கும்.

படி 2: எண்களுக்குத் தனித் தாள்

சூத்திரத்துக்குள் எண்களை நேரடியாகத் தட்டாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் வைத்து அங்கிருந்தே அழையுங்கள்.

மக்கள்தொகை: 10,000 (சில புளோக்குகள்)
டெங்கியைப் பரப்பும் பெண் ஏடிஸ் கொசுக்கள்: 15,000, அதாவது ஆளுக்கு 1.5
ஒரு கொசு ஒரு நாளில் மனிதரைக் கடிப்பது: 0.5 முறை
ஒரு கடியில் கொசுவிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வாய்ப்பு: 0.5
மனிதரிடமிருந்து கொசுவுக்கு: 0.5
கொசுவின் சராசரி ஆயுள்: 14 நாள், எனவே ஒரு நாளைத் தாண்டும் வாய்ப்பு 13÷14
கொசுவின் உடலில் வைரஸ் வளர்ந்து முடிய: 10 நாள்
மனிதரின் நோயரும்பு காலம் (தொற்றியபின் நோய் தலைகாட்டும்வரை): 6 நாள்
மனிதரிடமிருந்து கொசுவுக்குப் பரவும் காலம்: 5 நாள்

இவை தொடக்கத்துக்கான எடுகோள்கள், உங்கள் பேட்டையில் அளந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் “குறைந்தது, அதிகம்” என இரண்டு கட்டங்களை இப்போதே காலியாக விட்டுவையுங்கள். படி 7இல் அவை தேவைப்படும்.

படி 3: மனிதர்களின் நெடுவரிசைகள்

ஒரு வரிசை ஒரு நாள். நாள் 0இல் தொற்றாதோர் 9,995, அரும்புநிலை 0, நோயாளர் 5, குணமானோர் 0. அடுத்த வரிசையிலிருந்து எல்லாச் சூத்திரமும் முந்தைய நாளின் வரிசையைத்தான் பார்க்கவேண்டும். அதே வரிசையைப் பார்த்தால் எக்செல் சுழல் பிழை காட்டும்.

புதிய மனிதத் தொற்று = கடி × கொசுவிடமிருந்து மனிதருக்கான வாய்ப்பு × நோய்க்கொசு × தொற்றாதோர் ÷ மக்கள்தொகை. (நோய்க்கொசு என்பது வைரஸ் வளர்ந்து முடிந்து, நோயைப் பரப்பக்கூடிய கொசு. அதன் நெடுவரிசை படி 4இல் வரும்.)

இந்த எண்ணைத் தொற்றாதோரிலிருந்து கழித்து அரும்புநிலையில் கூட்டுங்கள். அரும்புநிலையில் ஆறில் ஒரு பங்கு தினமும் நோயாளராகும். நோயாளரில் ஐந்தில் ஒரு பங்கு தினமும் குணமானோராகும். நான்கையும் கூட்டிப் பார்க்க ஓரத்தில் ஒரு நெடுவரிசை வையுங்கள். ஏதாவது ஒரு வரிசையில் 10,000 வராவிட்டால் யாரையோ இருமுறை எண்ணியிருக்கிறீர்கள், அல்லது தொலைத்திருக்கிறீர்கள்.

படி 4: கொசுக்கள்

தொடங்குவோர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். வைரஸ் வளரும் 10 நாளை ஒரே கட்டமாக வைத்து “தினமும் பத்தில் ஒரு பங்கு வெளியேறும்” என்று எழுதினால், இன்று தொற்றிய கொசுக்களில் ஒரு பகுதி நாளைக்கே நோயைப் பரப்பத் தொடங்கிவிடும். உண்மையில் அப்படி நடப்பதில்லை. பல கொசுக்கள் அந்தப் பத்து நாளைக் காணாமலே செத்துப்போகும், டெங்கிப் பரவலின் கடிவாளமே அதுதான்.

அதனால் வளர்1 முதல் வளர்9 வரை ஒன்பது நெடுவரிசைகள் போடுங்கள்.

புதிய கொசுத்தொற்று = கடி × மனிதரிடமிருந்து கொசுவுக்கான வாய்ப்பு × நோயாளர் ÷ மக்கள்தொகை × தொற்றாத கொசு.

இன்றைய புதிய கொசுத்தொற்றை இன்றைய பிழைப்பு விகிதத்தால் பெருக்கினால் நாளைய வளர்1. வளர்1ஐப் பெருக்கினால் மறுநாள் வளர்2. ஒரு கட்டத்தில் எழுதி வலப்புறமும் கீழேயும் இழுத்தால் போதும். வளர்9உம் ஏற்கெனவே உள்ள நோய்க்கொசுவும் சேர்ந்து, பிழைப்பு விகிதத்தால் பெருக்கப்பட்டு, நாளைய நோய்க்கொசுவாகும்.

பிழைப்பு விகிதத்துக்குத் தனி நெடுவரிசை கட்டாயம் வேண்டும். சாதாரண நாளில் 13÷14. புகையடிக்கும் நாளில் அதோடு 0.4ஐப் பெருக்குங்கள், அதாவது 60 விழுக்காடு கொசு சாகிறது.

மொத்தக் கொசு = நேற்றைய மொத்தம் × பிழைப்பு + 15,000÷14 × பெருக்கக் காரணி. இந்தக் காரணி வழக்கமாக 1. பூந்தொட்டியின் அடித்தட்டு, துணி காயப்போடும் மூங்கில் கழி செருகும் குழாய், வாளி, மழைநீர்க் கால்வாய் என்று தேடி 40 விழுக்காடு இனப்பெருக்கத்தை நிறுத்தினால் 0.6. மொத்தத்திலிருந்து வளர்பவற்றையும் நோய்க்கொசுவையும் கழித்தால் மிஞ்சுவது தொற்றாத கொசு.

படி 5: கைக்கணக்கால் சரிபாருங்கள்

வரைபடம் அழகாக வந்திருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். இந்த எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள். நாள் 0இல் புதிய கொசுத்தொற்று 1.875. நாள் 1இல் வளர்1 ஏறத்தாழ 1.741, நோயாளர் 4. நோய்க்கொசு நாள் 9 வரை பூஜ்யம், நாள் 10இல் 0.894. ஒன்பதாம் நாளே ஏதாவது தென்பட்டால் வளர் நெடுவரிசை ஒன்று குறைகிறது.

எண்கள் திடீரென பூஜ்யமானால், அல்லது கீழே போகப் போக விநோதமாக மாறினால், எண்கள் தாளுக்கான முகவரியில் டாலர் குறி போட மறந்திருப்பீர்கள். கீழே இழுக்கும்போது முகவரியும் சேர்ந்து நழுவுகிறது.

படி 6: பரவல் எண்

ஒரு நோயாளியிடமிருந்து, கொசு வழியாக, சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றும்? 5 நாள் × 0.5 × 0.5 × 1.5 = 1.875 கொசுக்கள் தொற்றும். அவற்றில் பத்து நாளைத் தாண்டுபவை 47.7 விழுக்காடு. தாண்டிய கொசு அதன்பின் 14 நாள், நாளுக்கு 0.5 × 0.5 எனத் தொற்றவைக்கும். எல்லாம் பெருக்கினால் 3.13.

இதை 1க்குக் கீழே கொண்டுவர ஆளுக்கு 1.5 கொசு என்பது 0.48க்குக் கீழே இறங்கவேண்டும், அதாவது 68 விழுக்காடு குறைப்பு. கடைசிக் கொசுவரை ஒழிக்கத் தேவையில்லை. 1897இல் செகந்திராபாத்தில் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்ட ரொனால்ட் ராஸ் பிறகு கணக்குப் போட்டுக் காட்டியதும் இதே வகை வரம்புதான். 40 விழுக்காடு நீர் அகற்றல் மட்டும் என்றால் பரவல் எண் 1.88. மெதுவாகும், ஆனால் நிற்காது.

படி 7: வழிகளை ஓட்டி, எடுகோள்களை அசையுங்கள்

முதலில் மொத்தக் கொசுவை மட்டும் வரையுங்கள். ஒருமுறை புகையடித்தால் மறுநாள் கொசு 44 விழுக்காடாக விழும். பத்து நாளில் 71, பதினான்கு நாளில் 79 விழுக்காட்டுக்குத் திரும்பிவிடும், ஏனென்றால் தேங்கிய நீரிலிருக்கும் புழுக்களைப் புகை தொடுவதில்லை. அதே நாளில் தொடங்கிய நீர் அகற்றல் மெல்ல இறங்கி, 13ஆம் நாளில் புகையை முந்தும்.

இதை வைத்துப் புகையை மட்டம் தட்டிவிடாதீர்கள். புகை கொன்றவற்றில் வைரஸ் சுமந்த கொசுக்களும் உண்டு. புதிதாக வருபவை நோயற்றவை, அவை தொற்றிப் பரப்ப இன்னும் பத்து நாளுக்குமேல் ஆகும். ஆகவே மொத்தக் கொசுவை விட்டுவிட்டு நோய்க்கொசு நெடுவரிசையையும் 90 நாள் தொற்றுக் கூட்டலையும் ஒப்பிடுங்கள். மறுபக்கம், 60 விழுக்காடு சாகிறது என்பதும் தாராளமான எண்ணாக இருக்கலாம். ஏடிஸ் வீட்டுக்குள், அலமாரிக்குப் பின்னும் கட்டிலுக்கு அடியிலும் ஓய்வெடுக்கும். தாழ்வாரத்தில் அடிக்கும் புகை அங்கே போகாது. 20, 40, 60 மூன்றையும் ஓட்டிப்பாருங்கள்.

ஆயுளும் கடி வீதமும்தான் மாதிரியை அதிகம் ஆட்டும். கொசுவின் எண்ணிக்கையை இரட்டித்தால் பரவல் எண் இரட்டிக்கும், அவ்வளவுதான். ஆயுளை 10 நாள் என வைத்தால் 1.63, 20 நாள் என்றால் 5.61. கடி வீதம் கணக்கில் இருமுறை வருவதால் 0.5இலிருந்து 0.6 ஆனாலே 4.50.

எனவே ஆயுள் 10, 14, 20. புகையின் திறன் 20, 40, 60. தொடங்கும் நாள் 20 அல்லது 34. மொத்தம் 18 நிலவரங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று வழிகளையும் ஓட்டி, எது முதலிடம் என்பதோடு எத்தனை தொற்று வித்தியாசம் என்பதையும் எழுதுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்வது எப்போதும் முதலில் வரும், அதில் வியப்பில்லை. கவனிக்கவேண்டியது இரண்டாமிடம் யாருக்கு, எந்த எண்ணைத் தாண்டும்போது அது கைமாறுகிறது என்பதே. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஆண் கொசுக்களை விடுவதையும் சேர்க்கலாம். அவற்றோடு கூடிய பெண் கொசுவின் முட்டை பொரிக்காது, எனவே பெருக்கக் காரணி குறையும். ஆனால் ஒரே நாளில் குறைக்காமல் பல மாதங்களில் படிப்படியாக இறக்குங்கள்.

படி 8: நிஜ எண்ணிக்கையோடு பொருத்துதல்

தொற்றியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அறிகுறி தெரியும். எனவே மாதிரியின் தொற்றை வாரியம் வெளியிடும் வார எண்ணிக்கையோடு நேரே ஒப்பிட முடியாது. நான்கால் வகுத்து, நோயரும்பு காலத்தையும் மருத்துவரிடம் போகத் தாமதிக்கும் சில நாளையும் தள்ளி வையுங்கள். பிறகு ஆளுக்கான கொசு எண்ணிக்கையை மட்டும் மாற்றி, வளைவு ஏறும் வேகத்தைப் பொருத்துங்கள். கொசு எண்ணிக்கை, கடி, தொற்று வாய்ப்பு எல்லாம் பெருக்கலாகவே சேர்வதால் வேறு வேறு எண்களும் ஏறத்தாழ ஒரே வளைவைத் தரும். பொருந்திவிட்டது என்பதற்காக எண்கள் உண்மை என்று எழுதாதீர்கள்.

நோயாளர் பத்துக்கும் குறைவாக இருக்கும்போது இந்தத் தாள் 0.3 நோயாளியைக்கூடச் சுமந்து போய் மறுபடி பெருக்கும். நிஜத்தில் அங்கே சங்கிலி அறுந்துவிடலாம். அந்த அளவில் முடிவெடுக்கவேண்டும் என்றால் பைத்தானில் சீரற்ற எண்களோடு சில நூறு முறை ஓட்டும் மாதிரிக்கு மாறுங்கள்.

வைரஸ் வகை மாறினாலும் தாளைத் திருத்தவேண்டும். ஒரு வகைக்கு எதிர்ப்பாற்றல் பெற்றவர் மற்ற மூன்றுக்கும் நீண்டகாலப் பாதுகாப்புப் பெறுவதில்லை. சிங்கப்பூரில் 35,000க்கு மேற்பட்டோர் நோயுற்ற 2020இல் ஓங்கியிருந்தது இரண்டாம் வகை, 2022இல் மூன்றாம் வகை. ஓங்கும் வகை மாறிய செய்தி வந்த அன்றே குணமானோர் கட்டத்தைப் புது வகைக்கு ஏற்பக் குறைத்து, 18 நிலவரங்களையும் திரும்ப ஓட்டுங்கள்.