பெரிய போட்டிக்கு முன் தேசிய அணியின் கோல்கீப்பர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி

தேசிய கால்பந்து அணித் தேர்வில் அதிகம் சொதப்பல் நடக்கும் இடம் கோல்கீப்பர் இடம்தான். நாட்டில் உள்ள சிறந்த மூன்று பேரைத் தர வரிசைப்படி எழுதி, 1, 2, 3 என்று எண் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஆனால் மூவருக்கும் வேலை ஒன்றல்ல. முதல் கீப்பர் எல்லா ஆட்டமும் ஆடவேண்டியவர். இரண்டாமவர் ஒரு நிமிட அவகாசத்தில் இறங்கத் தயாராக இருக்கவேண்டியவர். மூன்றாமவர் அநேகமாக ஆடப்போவதில்லை, ஆனால் பயிற்சி மைதானத்தில் பாதிச் சுமை அவர்மேல்தான் விழும். ஆள் தேடும் முன் இந்த மூன்று வேலைகளையும் தனித்தனித் தாளில் எழுதிவையுங்கள்.

விதியையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். உலகக் கோப்பையில் 2002 முதல் 2018 வரை அணிக்கு 23 பேர், 2022இல் 26 பேர். எண்ணிக்கை கூடினாலும் குறைந்தது மூவர் கோல்கீப்பராக இருக்கவேண்டும் என்பது மாறவில்லை. இடம் இருக்கிறதே என்று நான்காவது கீப்பரைச் சேர்ப்பது, முதல் கீப்பரின் உடல்நிலை சந்தேகமாக இருந்தால் ஒழிய, வீண்.

பட்டியலைச் சுருக்குவது

போட்டிக்கு ஒரு வருடம் முன்பு ஏழெட்டுப் பெயர்கள் போதும். ஆறு மாதம் இருக்கும்போது ஐந்தாக்குங்கள். இரண்டு மாதம் இருக்கும்போது முதல் கீப்பர் யார் என்பது முடிந்திருக்க வேண்டும். கோல்கீப்பர் பயிற்சியாளர் தன் வரிசையை, தலைமைப் பயிற்சியாளரின் கருத்தைக் கேட்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்து பேசினால் தலைமைப் பயிற்சியாளர் வாயிலிருந்து வரும் முதல் பெயரே முடிவாகிவிடும்.

எதைப் பார்ப்பது, எங்கிருந்து பார்ப்பது

டிவியில் பார்த்து கீப்பரைத் தேர்ந்தெடுக்க முடியாது. கேமரா பந்தைத் துரத்தும். பந்து எதிர்முனையில் இருக்கும்போது கீப்பர் எங்கே நிற்கிறார் என்பது திரையில் வராது, நமக்கு வேண்டியதோ அதுதான். கோலுக்குப் பின்னால், கொஞ்சம் உயரமான இருக்கையில் உட்காருங்கள். ஒவ்வொருவரையும் உள்ளூர், வெளியூர் மைதானங்களில் நான்கைந்து ஆட்டமாவது நேரில் பார்க்கவேண்டும். அதில் ஒன்றாவது மழையிலோ பலத்த காற்றிலோ நடந்த ஆட்டமாக இருப்பது நல்லது.

முதலில் கால்களைப் பாருங்கள். எதிரணி வீரர் பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில் கீப்பரின் இரண்டு பாதங்களும் தரையில் ஊன்றியிருக்கின்றனவா? நகர்ந்துகொண்டே இருப்பவரால் சாதாரணமான தாழ்வான ஷாட்டுக்குக்கூட நேரத்தில் கீழே போகமுடியாது. பிறகு கடைசி நொடியில் பாய்ந்து விரல் நுனியில் தட்டிவிடுவார், அரங்கம் கைதட்டும். பறந்து பிடிக்கும் கீப்பரைக் கண்டு மயங்காதீர்கள். பல நேரம் அந்தப் பாய்ச்சல், அதற்கு முன் எடுக்கத் தவறிய இரண்டு அடிகளுக்கான ஈடு.

அடுத்தது, தடுத்த பந்து எங்கே போகிறது என்பது. பக்கவாட்டில், கம்பத்துக்கு வெளியே தள்ளுகிறாரா, நேர் எதிரே எட்டு மீட்டரில் எதிரணி ஸ்ட்ரைக்கரின் காலடியில் போடுகிறாரா? ஒவ்வொன்றையும் குறித்துவையுங்கள். இருபது தடுப்புகளில் ஐந்தாறு நடுவில் விழுந்தால் அது துரதிர்ஷ்டம் அல்ல, பழக்கம்.

கிராஸ் (பக்கவாட்டிலிருந்து கோலுக்கு முன்னால் அடிக்கும் பந்து) வரும்போது வெளியே வருவதும் சரி, கோட்டில் நிற்பதும் சரி. இரண்டும் தெளிவான முடிவுகள், டிஃபெண்டர்கள் அதற்கேற்ப நின்றுகொள்வார்கள். ஆபத்து, இரண்டடி வந்துவிட்டுத் திரும்புபவரிடம் இருக்கிறது. பந்தும் கைக்கு எட்டாது, கோலும் திறந்துகிடக்கும். தேசிய அணியில் டிஃபெண்டர்களோடு சேர்ந்து பயிற்சி செய்யக் கிடைப்பது சில நாள்களே. தடுமாறும் கீப்பரைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு நேரமிருக்காது.

கோல் வாங்கிய பிறகான பத்து நிமிடங்களைத் தனியாகக் குறியுங்கள். குரல் குறைகிறதா? குட்டையாகப் பாஸ் கொடுத்தவர் திடீரென்று எல்லாப் பந்தையும் நீளமாக உதைக்க ஆரம்பிக்கிறாரா? தன் தவறால் போன கோலுக்கு டிஃபெண்டரைத் திட்டுகிறாரா?

எண்களை எவ்வளவு நம்புவது

கோல் வாங்காத ஆட்டங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட பயனற்றது. அது முன்னால் நிற்கும் நால்வரின் மதிப்பெண். தடுப்புச் சதவீதமும் ஏமாற்றும்: தூரத்திலிருந்து வரும் சோப்ளாங்கி ஷாட்டுகளை நிறையச் சந்திப்பவருக்குச் சதவீதம் அழகாக இருக்கும். கோலை நோக்கி வந்த ஒவ்வொரு ஷாட்டும் எந்த இடத்திலிருந்து வந்தது, கோலின் எந்த மூலைக்குப் போனது என்பதை வைத்து, சராசரிக் கீப்பர் எத்தனை கோல் வாங்கியிருப்பார் என்று கணக்கிடும் முறை இருக்கிறது. உண்மையில் வாங்கிய கோலை அதோடு ஒப்பிடுங்கள். அதிலும் ஒரு சீசனை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தற்செயல்தான் பேசும். இரண்டு மூன்று சீசன்களைச் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

உங்கள் அணி எப்படி ஆடும் என்பதும் கணக்கில் வரவேண்டும். பந்தைத் தன்னிடமே வைத்திருக்கும் அணியின் கீப்பருக்கு ஆட்டத்துக்கு இரண்டே ஷாட் வரலாம், அதில் ஒன்று 80ஆவது நிமிடத்தில், தனியாக ஓடிவரும் வீரரிடமிருந்து. அங்கே கவனமும் காலாட்டமும் முக்கியம். பின்வாங்கி நின்று தடுக்கும் அணிக்கு, கிராஸையும் கார்னரையும் கையில் எடுக்கத் தெரிந்தவர் வேண்டும். கிளப்பில் ஒரு வகை ஆட்டம் ஆடிப் பழகியவரை நாட்டுக்காக வேறு வகைக்கு மாற்ற மூன்று வாரம் போதாது.

கிளப்பில் ஆடாத கீப்பர்

எல்லா அணித் தேர்விலும் வரும் தலைவலி இது. பழைய நம்பிக்கைக்குரியவர் கிளப்பில் பெஞ்சில் இருக்கிறார், புதியவர் வாரவாரம் ஆடுகிறார். பொதுவாக, கடைசி மூன்று மாதத்தில் பத்து ஆட்டமாவது ஆடாதவரை முதல் கீப்பராக்கத் தயங்கவேண்டும். முதலில் மங்குவது தடுக்கும் திறமை அல்ல. வெளியே வருவதா நிற்பதா என்ற கணிப்பும், ஆட்ட வேகத்தில் பாஸ் கொடுக்கும் பழக்கமும்தான் முதலில் போகும். ஆனாலும் இதை இரும்பு விதியாக்க முடியாது. செர்ஹியோ ரொமேரோ 2013–14இல் மொனாக்கோவில் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். அந்தக் கோடையில் நடந்த 2014 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் கோலைக் காத்து, அரையிறுதி ஷூட்அவுட்டில் நெதர்லாந்தின் இரண்டு பெனால்டிகளைத் தடுத்து, அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார்.

காயத்திலிருந்து திரும்புபவருக்கு மருத்துவச் சான்று மட்டும் போதாது. விரல், மணிக்கட்டு, தோள், தொடை இடுக்கு என்று நான்கையும் தனித்தனியே சோதியுங்கள். ஓர் எளிய அறிகுறி: கோல்கிக்கை வேறொருவரை எடுக்கச் சொல்கிறாரா என்று கிளப் ஆட்டங்களில் பாருங்கள். தொடைத் தசையில் வலியை மறைக்கும் கீப்பர் முதலில் விடுவது நீண்ட உதையைத்தான்.

முதல் கீப்பரை எப்போது அறிவிப்பது

சீக்கிரம். 2006இல் ஜெர்மனியின் பயிற்சியாளர் கிளின்ஸ்மன், ஆலிவர் கானை விட்டு யென்ஸ் லேமனைத் தேர்ந்தெடுத்ததை ஏப்ரலிலேயே அறிவித்தார், உலகக் கோப்பை தொடங்கியது ஜூனில். ஜெர்மனியில் பெரும் சலசலப்பு எழுந்தது, ஆனால் போட்டி தொடங்கும்போது அது அடங்கியிருந்தது. 2010இல் இங்கிலாந்தின் பயிற்சியாளர் கப்பேல்லோ கடைசிவரை பெயரை வெளியே விடவில்லை. அமெரிக்காவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ராபர்ட் கிரீன் சாதாரணமான பந்து ஒன்றைக் கைநழுவவிட்டார், அடுத்த ஆட்டத்தில் டேவிட் ஜேம்ஸ் இறங்கினார். ரகசியம் வைத்ததால்தான் பந்து நழுவியது என்று சொல்லமுடியாது. ஆனால் போட்டி மனநிலை வேண்டும் என்று மூவரையும் தொங்கலில் வைத்தால் முன்னால் நிற்கும் டிஃபெண்டர்களும் சேர்ந்து தொங்கலில் இருப்பார்கள். அது கீப்பருக்கு எந்த நன்மையும் செய்வதில்லை.

தயாரிப்பு ஆட்டங்களைப் பாதிப்பாதியாகப் பிரிக்காதீர்கள். 45 நிமிடத்தில் ஒரு ஷாட்கூட வராமல் போகலாம். மூன்று ஆட்டம் இருந்தால் முதல் கீப்பருக்கு இரண்டு முழு ஆட்டம், இரண்டாமவருக்கு ஒரு முழு ஆட்டம். அந்த ஒன்றிலும் முதல்நிலை டிஃபெண்டர்களே முன்னால் நிற்கவேண்டும். மாற்று அணியோடு சேர்த்து இறக்கினால் அவர் ஆட்டம் பற்றி எதுவும் தெரியவராது.

இரண்டாமவரும் மூன்றாமவரும்

2022 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக மொராக்கோவின் பூனோ தேசிய கீதத்துக்கு அணியோடு நின்றார். ஆட்டம் தொடங்கும்போது கோலில் நின்றது முனீர். உடல்நலக் குறைவால் கடைசி நிமிடத்தில் மாற்றம். மொராக்கோ 2–0 என்று வென்றது. அதே போட்டியில் ஈரானுக்கு எதிராக 86ஆவது நிமிடத்தில் வேல்ஸின் ஹென்னெஸி சிவப்பு அட்டை வாங்க, டேனி வார்டு குளிர்ந்த உடம்போடு இறங்கினார். 90 நிமிடத்துக்குப் பின் சேர்த்த நேரத்தில் இரண்டு கோல் போயிற்று. இரண்டாவது கீப்பர் வேலை என்பது இதுதான். ஆகவே திறமையில் இரண்டாமிடத்தில் இருப்பவர் தானாகவே இந்த இடத்துக்கு உரியவராகிவிடமாட்டார். முன்பு பதிலாக இறங்கிய ஆட்டங்களில் முதல் ஐந்து தொடுதல்கள் எப்படி இருந்தன என்று தேடிப் பாருங்கள். முதல் கீப்பரின் பாணிக்கு நெருக்கமானவராக இருந்தால் டிஃபெண்டர்கள் நிற்கும் கோட்டை மாற்ற வேண்டியிருக்காது.

முதல் இடம் கிடைக்காததை விழுங்க முடியாதவரை இரண்டாம் இடத்தில் வைக்காதீர்கள். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார், சாப்பாட்டு மேசையில் தெரியும். அப்படிப்பட்டவரை வீட்டிலேயே விட்டுவிட்டு நான்காம் இடத்தில் இருப்பவரை அழைத்துப் போவது மேல்.

மூன்றாமவருக்கு முக்கியமானவை உடல் தாங்கும் திறனும் சுபாவமும். ஆட்டத்துக்கு மறுநாள் முதல் கீப்பர் ஓய்வில் இருப்பார், ஆடாத வீரர்கள் ஷாட் பயிற்சிக்கு வருவார்கள். அத்தனை பந்தையும் வாங்கவேண்டியவர் இவர். இளைஞரைக் கூட்டிப்போனால் அடுத்த போட்டிக்கு முதலீடு, மூத்தவரைக் கூட்டிப்போனால் அறைக்குள் அமைதி. இளைஞர் நாள்தோறும் முழுப் பயிற்சி தாங்குவார் என்றால் அவரையே எடுக்கலாம். ஆடவே போவதில்லை என்ற நினைப்பில் மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். 2022 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் கேமரூனுக்கு எதிராகக் கொமொரோஸ் அணிக்கு ஒரு கீப்பர் காயம், மற்ற இருவரும் கோவிட் காரணமாக இல்லை. இடப்பக்க டிஃபெண்டர் ஷக்கேர் அல்ஹதூர், டேப் ஒட்டி எண் 3 போட்ட சட்டையில் கோலில் நின்றார். 2–1 என்றுதான் தோற்றார்கள், அதுவும் ஆட்டத்தின் பெரும்பகுதி பத்துப் பேரோடு. அவசரத்துக்கு கோலில் நிற்கப்போகும் வெளிவீரர் யார் என்பதை முகாமின் முதல் வாரமே முடிவுசெய்து, அவருக்குப் பொருந்தும் கையுறையையும் எடுத்துவையுங்கள்.

பெனால்டி

ஒரு கீப்பர் சீசனுக்குச் சந்திப்பது சில பெனால்டிகளே. ஐந்தில் இரண்டு தடுத்தார் என்பது எதையும் நிரூபிக்காது. உதைப்பவரின் ஊன்றுகால் தரையைத் தொடும்வரை பொறுக்கிறாரா, பாயும்போது ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டிலோ அதற்கு நேராகவோ இருக்கிறதா, கொடுத்த குறிப்பை நினைவில் வைத்து ஆடுகிறாரா என்று பாருங்கள். 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் லேமன் சாக்ஸில் செருகியிருந்த, அர்ஜென்டினா வீரர்கள் எந்தப் பக்கம் உதைப்பார்கள் என்ற குறிப்புள்ள ஓட்டல் தாள் பேர்பெற்றது. உதைக்க வந்த கம்பியாஸோவின் பெயர் அதில் இல்லவே இல்லை. லேமன் நிதானமாகத் தாளைப் படித்தார், தடுத்தார்.

ஷூட்அவுட்டுக்காகவே கீப்பரை மாற்றும் திட்டம் இருந்தால் மாற்று வாய்ப்பு ஒன்றைக் கடைசிவரை கையில் வைத்திருக்கவேண்டும். 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்தின் பயிற்சியாளர் வான் ஹால், சிலெஸனை எடுத்துவிட்டு டிம் குருலை இறக்கினார். கோஸ்டா ரிக்காவின் இரண்டு உதைகள் தடுக்கப்பட்டன. அரையிறுதிக்குள் மாற்றுகள் தீர்ந்துபோயிருந்தன. சிலெஸனே நின்றார், அர்ஜென்டினா 4–2 என்று வென்றது. முந்தைய ஆட்டத்தில் தன்னை நம்பாமல் எடுத்துவிட்ட பயிற்சியாளர் முன்னால் அடுத்த ஷூட்அவுட்டில் நிற்பது சுலபமல்ல. திட்டம் இருந்தால் இருவரிடமும் முகாமிலேயே சொல்லிவிடுங்கள்.

பந்து, மைதானம், எட்டு நொடி

போட்டிக்கான அதிகாரப்பூர்வப் பந்தை முகாமின் முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். 2010இன் ஜபுலானி காற்றில் திசை மாறியதைக் கீப்பர்கள் போட்டி முழுக்கக் குறைசொன்னார்கள். மெக்சிகோ சிட்டி போல 2200 மீட்டர் உயரத்தில் ஆட்டம் என்றால் காற்று லேசாக இருப்பதால் பந்து வேகமாக வரும், கோல்கிக்கும் நினைத்ததைவிடத் தூரம் போகும். அங்கே முன்கூட்டியே போய்ப் பழகவேண்டும். 2025–26 சீசன் முதல், கையில் பந்தை எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர். நடுவர் கடைசி ஐந்து நொடியைக் கைவிரலால் காட்டுவார். பந்தைக் கட்டிப்பிடித்துப் படுத்து நேரம் போக்கும் பழக்கம் உள்ளவரை முகாமிலேயே கடிகாரம் வைத்துத் திருத்துங்கள்.

கடைசியாக, அணியில் இடம் கிடைக்காத நான்காமவர். அவரிடம் பயிற்சியாளரே தொலைபேசியில் பேசவேண்டும், பட்டியல் வெளியாகும் முன். யூரோ போன்ற போட்டிகளில் கோல்கீப்பர் காயமடைந்தால் நடுவிலும் வேறொருவரைச் சேர்க்க விதி இடம்கொடுக்கிறது. எனவே அவர் பெயர் முதற்கட்டப் பட்டியலில் இருக்கிறதா, பாஸ்போர்ட்டும் விசாவும் சரியாக இருக்கின்றனவா, கிளப் விடுமுறையிலும் வாரத்துக்கு நான்கு நாளாவது பயிற்சி செய்ய மைதானமும் பந்து உதைக்க ஆளும் இருக்கிறார்களா என்று அந்த அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்.