காலநிலை மாற்றம் பற்றிப் பேசும் மாடித்தோட்டக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விதைப் பரிமாற்றக் கூட்டம், பள்ளித் தோட்டம், குடியிருப்புச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பு என்று தமிழ்நாட்டில் மாடித்தோட்டக்காரர்கள் பலர் ஒரு பைசா வாங்காமல் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மண்கலவை, வேப்பெண்ணெய், பஞ்சகவ்யம் பற்றிய பேச்சு இப்போதெல்லாம் காலநிலை மாற்றத்துக்கும் வந்து சேர்கிறது. அது நல்லது. செய்தியில் வந்தால் கடந்து போகிறவர்கள்கூட, பக்கத்துத் தெருவில் கத்தரிக்காய் காய்க்க வைத்த அக்கா சொன்னால் நின்று கேட்பார்கள். அந்த நம்பிக்கையைச் சில தவறுகள் கெடுத்துவிடுகின்றன.

முதல் தவறு, எது நடந்தாலும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவது. மே மாதம் தக்காளிப் பூ உதிர்கிறது என்று யாராவது சொன்னால், ‘பாருங்க, காலநிலை மாறிடுச்சு’ என்று உடனே சொல்லிவிடுகிறோம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் சூடாகவே இருந்தால் தக்காளியில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிரும். சென்னையின் சித்திரை, வைகாசி எப்போதுமே அப்படித்தான். கூட்டத்தில் இருக்கும் வயதானவர் ஒருவர் ‘எங்க காலத்துலயும் கோடையில தக்காளி வராதுப்பா’ என்றால், அதற்கு மேல் நாம் சொல்லும் எதுவும் எடுபடாது. காலநிலை என்பது குறைந்தது 30 ஆண்டுகளின் சராசரி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட்டால் உலகின் சராசரி வெப்பநிலை 1.1 டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்கிறது. அதனால் கடும் வெப்ப நாட்கள் கூடுகின்றன, இரவுகள் முன்புபோல் ஆறுவதில்லை. இதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு செடியின் ஒரு பருவத்தை ஆதாரமாகக் காட்டக் கூடாது.

அதற்காகப் பெரியவர்களின் அனுபவத்தை ஒதுக்கிவிடவும் கூடாது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதெல்லாம் இனி செல்லாது என்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்களிடம் எந்த மாதம் என்ன விதைத்தார்கள், மழை எப்போது பிடித்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்வது எவ்வளவோ மேல். நினைவு தவறலாம் என்பதால் அதை வானிலைப் பதிவுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1790களிலிருந்தே வானிலையைக் குறித்து வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் படங்களைவிட அது நம்பத் தகுந்தது.

வெள்ளம் பற்றிய பேச்சிலும் இதே சிக்கல் உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும், அதனால் பெருமழைகள் இன்னும் வலுக்கின்றன என்று சொல்லலாம். ‘இந்த மழையே காலநிலை மாற்றத்தால்தான் வந்தது’ என்று சொல்ல வேண்டாம். சென்னையில் பேசும்போது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியதையும், அடைபட்ட வடிகால்களையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஏரிக்குள் வீடு கட்ட அனுமதித்தவர்கள்கூட ‘எல்லாம் காலநிலை’ என்று கை கழுவிவிடுவார்கள். 2015இல் மூழ்கிய நகரத்துக்கு 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளத்தையும் வறட்சியையும் நான்கே ஆண்டுகளில் பார்த்த மக்களிடம் துருவக் கரடியைக் காட்டிப் பேச்சைத் தொடங்க வேண்டியதில்லை. அவர்கள் வீட்டு மழைநீர்த் தொட்டியில் கடைசியாக எப்போது மணல் மாற்றினார்கள் என்று கேட்டுத் தொடங்கலாம்.

அடுத்தது ஜூன் 5. உலகச் சுற்றுச்சூழல் தினம் என்று நூற்றுக்கணக்கில் கன்று கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலும் கன்னியாகுமரியிலும் அது மழை தொடங்கும் நேரம், சரி. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். மண் இன்னும் கொதிக்கும். தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத கன்று கருகிப்போகும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வைத்தால் மழையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். எந்த மரம் என்பதிலும் கவனம் வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் குல்மொஹரும் பெருங்கொன்றையும் ஏராளமாகச் சாய்ந்தன. சீக்கிரம் வளர்ந்து பூக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். புங்கன், வேம்பு, பூவரசு, நாவல் என்று நம் மண்ணுக்குப் பழகியவை இருக்கின்றன.

தோட்டக்காரர்கள் நேரடியாகச் செய்துகாட்டக்கூடிய மிகப் பெரிய விஷயம் சமையலறைக் கழிவு. அதைத்தான் பலர் அவசரமாகச் சொல்லிக் கெடுக்கிறார்கள். கொடுங்கையூர், பெருங்குடி போன்ற குப்பை மேடுகளில் காற்றுப் புகாமல் அழுகும் உணவுக் கழிவு மீத்தேனை வெளிவிடுகிறது. முதல் 20 ஆண்டுகளை எடுத்துக்கொண்டால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட மீத்தேன் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். தீப்பிடிக்கவும் செய்யும். 2022 ஏப்ரலில் பெருங்குடியில் பற்றிய தீயை அணைக்க நாட்கணக்கில் போராட வேண்டியிருந்தது. இதைச் சொல்லிவிட்டு, ‘ஒரு வாளியில் காய்கறித் தோலைப் போட்டு மூடி வையுங்கள்’ என்று மட்டும் சொன்னால், பத்து நாளில் வீடே நாறும், புழு நெளியும். அப்புறம் அந்தக் குடும்பம் கம்போஸ்ட் பக்கமே திரும்பாது. காற்றுப் புகாத வாளியில் நடப்பதும் குப்பை மேட்டில் நடப்பதும் ஒன்றுதான். எனவே ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு அல்லது தென்னை நார்க்கழிவு போடச் சொல்லுங்கள். வாளியில் சுற்றிலும் துளை வேண்டும், வாரம் ஒரு முறையாவது கிளறிவிட வேண்டும். கூட்டத்திலேயே நன்றாக மட்கிய உரத்தை ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மழை பெய்த மண்ணின் வாசம்தான் இருக்கும். அதற்குப் பிறகு மீத்தேனைப் பற்றிச் சொன்னால் மனதில் நிற்கும்.

வீட்டு உரிமையாளர் மாடிக்கே விடாத வாடகைக் குடும்பங்களும் கூட்டத்துக்கு வருவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அவர்களுக்கு ஜன்னலோரக் கீரைத் தொட்டி போதும். தோட்டம் போடாதவர் பூமியை அழிக்கிறவர் என்ற தொனி எங்கேயும் வரக் கூடாது. குரோ பேக் விஷயமும் அப்படித்தான். வெயிலில் இரண்டு மூன்று ஆண்டுகளில் பொடிந்துபோகும் பிளாஸ்டிக் பையை டஜன் கணக்கில் வாங்கச் சொல்லிவிட்டுச் சுற்றுச்சூழல் பேசினால், கேட்கிறவர்கள் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். பழைய பெயிண்ட் டப்பா, மண்தொட்டி, உடைந்த வாளியே போதும்.

கடைசியாக, தோட்டத்தால் முடியாததை முடியும் என்று சொல்வது. இந்தியர் ஒருவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2 டன் அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறது. மாடியில் உள்ள தொட்டிச் செடிகள் பிடித்து வைப்பதோ கிலோ கணக்கில்தான். அதிலும் பெரும்பகுதி, செடி மட்கும்போது காற்றுக்கே திரும்பிவிடும். ‘அப்போ அனல்மின் நிலையத்தை என்ன செய்யறது?’ என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டால், மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஆமாம், நிலக்கரியும் பெட்ரோலும் எரிவதுதான் முக்கியக் காரணம், அது மாறாமல் தொட்டிச் செடியால் எதுவும் தீராது என்று சொல்லுங்கள். தோட்டத்தால் மொட்டைமாடிச் சூடு குறையும், குப்பை குறையும், தண்ணீரின் அருமை தெரியும், பக்கத்து வீட்டாரோடு பழக்கம் வரும். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு கிராம சபையிலும், நகரமாக இருந்தால் பகுதி சபையிலும் சேர்ந்து போய் உட்காரலாம். தெருவில் குப்பையைப் பிரித்து வாங்கவில்லை, குளத்துக்கு நீர் வரும் வழி அடைபட்டிருக்கிறது, பேருந்து நிறுத்தத்தில் நிழல் இல்லை என்று எழுதிக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லலாம். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. விதைப் பரிமாற்றத்துக்கு நாள் குறிக்கும்போது இந்தத் தேதிகளையும் சேர்த்தே அறிவித்துவிடுங்கள்.