சுண்டெலியின் சிறுநீர்ப்பையை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வயதான சுண்டெலி அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது" என்று எழுதும் முன், தாளில் விழுந்த கறைகளுக்குக் காரணம் வயதா, சோதனை நடந்த விதமா என்று பார்த்துவிட வேண்டும். கூண்டின் தரையில் வடிதாளை விரித்து, எலியைத் தனியாக நான்கு மணி நேரம் விட்டு, புறஊதா ஒளியில் கறைகளை அளக்கும் முறை மலிவானது, எலிக்கு வலியும் இல்லை. எளிதாகத் தெரிவதால்தான் இதில் கவனக்குறைவு அதிகம்.

கறையின் பரப்பைக் கன அளவாக மாற்றும் கணக்கை வேறொரு கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். கோலாலம்பூர், பினாங்கின் ஈரக்காற்றில் திறந்து வைத்த தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். துளி பரவும் அளவும் அதோடு மாறலாம். தாளைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். அதே கட்டுத் தாளில், சுண்டெலியின் சிறுநீரையே 5, 10, 25, 50, 100, 200 மைக்ரோலிட்டர் அளவுகளில் மும்மூன்று முறை விட்டு, காயவைத்து, படமெடுத்துச் சொந்தக் கணக்கை உண்டாக்குங்கள். புதிய கட்டுக்கு மறுபடியும் செய்ய வேண்டும். சிறு கறைகளில் பல, காலும் வாலும் இழுத்துப் பரப்பியவை. அவற்றை எந்த அளவுக்குக் கீழே ஒதுக்குவது, கடித்துக் கிழித்த தாளை என்ன செய்வது என்பதையெல்லாம் சோதனைக்கு முன்பே எழுதி வையுங்கள்.

தண்ணீர்க் குப்பி சொட்டித் தாளைக் கெடுக்கும் என்று சிலர் குப்பியை எடுத்துவிடுகிறார்கள். எடுத்தால் எல்லா எலிக்கும் எடுக்க வேண்டும். முதிய எலியின் சிறுநீரகம் சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குறைந்திருக்கலாம். அப்போது கறைகள் கூடுவதற்குச் சிறுநீர்ப்பை காரணமே அல்ல. மொத்தக் கன அளவையும் உடல் எடையையும் சேர்த்தே பாருங்கள்.

இளம் எலிகளைக் காலையிலும் முதியவற்றை மாலையிலும் சோதிப்பது பெரிய பிழை. சுண்டெலி இரவில் நடமாடும் பிராணி. நேரம் மாறினால் எல்லாம் மாறும். ஏர்கோன் காற்று நேரே படும் தட்டில் ஒரு குழுவை மட்டும் வைக்கக் கூடாது. புதுக்கூண்டின் முதல் நாள் முடிவை மட்டும் நம்பாமல், பழகவிட்டு, வெவ்வேறு நாட்களில் அதே நேரத்தில் திரும்ப அளவிடுங்கள்.

வயதைத் தேர்வதிலும் கோளாறு நடக்கிறது. ஆறு வார எலி இன்னும் வளர்கிறது. அதை ஒப்பீட்டுக்கு வைத்தால் வளர்ச்சியின் மாற்றம் முதுமையாகத் தோன்றும். 3 முதல் 6 மாதம் வரை முதிர்ந்த இளமை, 18 முதல் 24 மாதம் வரை முதுமை. ஆண் எலிகளில் அடங்கிப்போனவை சில பெரிய கறைகளையும், ஆதிக்கம் செலுத்துபவை பல சிறு கறைகளையும் விடுவது 1973-லேயே பதிவானது. ஆகவே ஒரே கூண்டில் வளர்ந்தவை எவை என்பதைக் குறித்து வையுங்கள்.

குழாய் பொருத்தி அழுத்தத்தை அளக்கும் சிஸ்டோமெட்ரியில் மயக்கமருந்துதான் முதல் கேள்வி. ஐசோஃப்ளூரேன் சிறுநீர் கழிக்கும் அனிச்சையை அடக்கும். யூரித்தேன் அதை ஓரளவு காப்பாற்றும். ஆனால் அது புற்றுநோய் உண்டாக்குவது, எலியை எழுப்பாத இறுதிச் சோதனைக்கே பொருந்தும். நாளுக்கு 1 முதல் 2 மில்லிலிட்டர் சிறுநீர் சுரக்கும் எலிக்கு, நிமிடத்துக்கு 20 மைக்ரோலிட்டர் உப்புநீரைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவது இயல்பைவிடப் பதினான்கு மடங்குக்கும் மேல். எனவே வேகத்தைக் கட்டாயம் குறிப்பிட்டு, இரு வயதுக்கும் ஒன்றாகவே வையுங்கள். உப்புநீர் உடல் சூட்டில் இருக்கட்டும். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் அழுத்தத்தின் உச்சம் மழுங்கும். அழுத்த உணரி சிறுநீர்ப்பைக்கு 1 செ.மீ. கீழே இருந்தாலே அளவு 1 செ.மீ. நீர் அழுத்தம் கூடுதலாகக் காட்டும்.