கைத்தொலைபேசியின் பற்றரியைக் கரைப்பது எது? சிக்னல், டேட்டா, வைஃபை அமைப்புகளைச் சீராக்கும் வழி

காலையில் நூறு வீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வெளியே எடுத்துச்சென்ற கைத்தொலைபேசி பின்னேரம் நான்கு மணிக்கே சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டால், நம்மில் பலர் முதலில் செய்வது புளூடூத்தையும் லொக்கேஷனையும் நிறுத்திவைப்பதுதான். அதனால் கிடைக்கும் மிச்சம் மிகச் சொற்பம். ஒரு கைத்தொலைபேசி கோபுரத்தை எட்டுவதற்கு எவ்வளவு வலுவைச் செலவிடுகிறது, அதன் வயர்லெஸ் பகுதி ஒரு நாளில் எத்தனை தடவை உறக்கத்திலிருந்து எழுப்பப்படுகிறது என்ற இரண்டுமே பற்றரியின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. நகரத்துக்குள் சிக்னல் நிறைந்தும், சில கிலோமீற்றர் தள்ளிக் காட்டோரத்திலோ கடலோரத்திலோ மெலிந்தும் கிடைக்கும் திருகோணமலை மாவட்டத்தில் இந்த இரண்டையும் விளங்கிக்கொள்வது, பத்துச் சுவிட்சுகளை மாறி மாறி அணைப்பதைவிட நிச்சயமாகக் கூடிய பலனைத் தரும்.

எதையும் மாற்றுவதற்கு முன், செட்டிங்ஸில் பற்றரிப் பகுதியைத் திறந்து, சார்ஜ் எதற்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். திரைக்கும் வீடியோவுக்குமே பெரும்பங்கு போயிருந்தால் திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதுதான் மருந்து. வயர்லெஸ் அமைப்புகளில் கைவைத்துப் பயனில்லை. திரையை அதிகம் பாராத நாளிலும் சார்ஜ் வேகமாக இறங்கினால் வயர்லெஸ் பக்கத்தைச் சந்தேகிக்கலாம். அதை உறுதிசெய்ய எளிய பரிசோதனை ஒன்று உண்டு. படுக்கப்போகும்போது எத்தனை வீதம் இருக்கிறது என்று குறித்துவைத்து, காலையில் மறுபடியும் பாருங்கள். அடுத்த இரவு ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு அதே கணக்கை எடுங்கள். இரண்டாவது இரவில் இழப்பு வெகுவாகக் குறைந்திருந்தால் குற்றவாளி வயர்லெஸ்தான். இரண்டு இரவிலும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியிருந்தால், ஏதோ ஒரு செயலி ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது பற்றரியே பழையதாகிவிட்டது என்று கொள்ளலாம்.

சிக்னல் மெலிந்தால் செலவு கூடும்

கைத்தொலைபேசி எப்போதும் ஒரே வலுவில் அலையை அனுப்புவதில்லை. கழிமுகத்தின் அக்கரையில் நிற்பவரை அழைக்கக் குரலை உயர்த்துவதுபோல, கோபுரம் தொலைவில் இருந்தாலோ இடையில் தடுப்பு இருந்தாலோ அது தன் வலுவைக் கூட்டுகிறது. எவ்வளவு கூட்டவேண்டும் என்பதைக் கோபுரமே அதற்கு அறிவித்துக்கொண்டிருக்கிறது. பொதுவாக 4ஜி கைத்தொலைபேசி அனுப்பக்கூடிய உச்ச வலு 0.2 வாட். கோபுரத்துக்கு அருகில் நிற்கும்போது அதில் மிகச்சிறு பங்கே போதும். உச்ச வலுவை எட்டும்போதோ, உள்ளே இருக்கும் பெருக்கி (அம்ப்ளிஃபையர்) வெளியே போகும் அலையைவிடப் பல மடங்கு மின்சாரத்தைப் பற்றரியிலிருந்து இழுத்து, மிச்சத்தை வெப்பமாக்கிவிடுகிறது. சிக்னல் குறைந்த இடத்தில் நீண்ட நேரம் கதைத்தால் காதோரம் சூடேறுவதை அனுபவித்திருப்பீர்கள். தவிரவும், மெலிந்த சிக்னலில் டேட்டா மெதுவாகவே நகர்வதால், ஒரு நிமிடத்தில் முடியவேண்டிய வேலைக்கு ஐந்து நிமிடம் விழித்திருக்க நேர்கிறது. செலவு இரண்டு பக்கமும் கூடுகிறது.

திரையின் மேல்மூலையில் தெரியும் கோடுகளை நம்பவேண்டாம். அவை உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடும். அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகள் பெரும்பாலானவற்றில் செட்டிங்ஸ், எபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று உள்ளே சென்றால் சிக்னலின் வலு டிபிஎம் என்ற அலகில் எண்ணாகத் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்து அழைப்புப் பொத்தானை அழுத்தினால் அதற்குரிய பக்கம் திறக்கும். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதால், பூச்சியத்துக்குக் கிட்ட இருப்பதே நல்ல சிக்னல் என்பதை மறக்கவேண்டாம். 4ஜியில் -90 அளவில் இருந்தால் கவலையில்லை. -105ஐத் தாண்டினால் கைத்தொலைபேசி சிரமப்படத் தொடங்குகிறது. -115க்குக் கீழே போனால் பற்றரி கரைவதைக் கண்ணால் காணலாம். இந்த அலகில் ஒவ்வொரு 10 புள்ளி வித்தியாசமும் பத்து மடங்கு என்பதால் சிறிய மாற்றமும் பெரிய மாற்றமே. உள்ளறையில் -112 என்றும் விறாந்தையில் -97 என்றும் காட்டினால், விறாந்தையில் கிடைக்கும் சிக்னல் ஏறக்குறைய முப்பது மடங்கு வலுவானது.

ஆகவே வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்து, இந்த எண் எங்கே நன்றாக இருக்கிறது என்று பாருங்கள். தகரக் கூரையும் இரும்பு அலுமாரியும் அலையைத் திருப்பிவிடுகின்றன. கம்பி போட்ட கொங்கிறீற் தட்டு அதன் வலுவைக் குறைத்துவிடுகிறது. ஒரே அறைக்குள் கட்டில் தலைமாட்டுக்கும் யன்னல் விளிம்புக்கும் இடையில் பத்துப் புள்ளி மாறக்கூடும். கைத்தொலைபேசியை வழக்கமாக வைக்கும் இடத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வதற்கு ஒரு சதமும் செலவில்லை. வெயில் நேரடியாகப் படும் யன்னலை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; நம்மூர் வெயிலின் சூடு லித்தியம் அயன் பற்றரியின் கொள்ளளவையே நாளடைவில் குறைத்துவிடும்.

இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் இரண்டுக்கும் தனித்தனியாக இந்த எண்ணைப் பார்க்கவேண்டும். மலிவான டேட்டாவுக்காக வாங்கிப் போட்ட இரண்டாவது சிம்முக்கு உங்கள் ஊரில் கவரேஜ் இல்லையென்றால், அது நாள் முழுவதும் கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். பயன்படுத்தாத நேரங்களில் செட்டிங்ஸில் அந்தச் சிம்மை மட்டும் நிறுத்திவைக்கலாம், கழற்றத் தேவையில்லை.

நெட்வேர்க் வகையைத் தெரிவுசெய்யும் இடத்தில் 5ஜி என்று இருந்து, நீங்கள் வாழும் இடத்தில் 5ஜி இல்லாவிட்டால் அல்லது விட்டுவிட்டுத்தான் கிடைக்கிறதென்றால், 4ஜிக்கு மாற்றிவிடுவது நல்லது. தற்போதைய 5ஜி சேவைகளில் பல, 4ஜி இணைப்பையும் கூடவே பிடித்துக்கொண்டுதான் இயங்குகின்றன. இரண்டையும் தாங்குவது பற்றரிதான். 2ஜியில் பூட்டிவைத்தால் மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. அழைப்புக்கு மட்டும் பாவிக்கும் போனுக்கு அது சரிவரலாம். வட்ஸ்அப் பாவிக்கும் ஒருவருக்கு அது வேலையை இழுத்தடித்துச் செலவையே கூட்டும்.

கடலிலும் காட்டுவழியிலும்

சிக்னல் மெலிந்திருப்பதைவிட, அறவே இல்லாமலிருப்பது கொடியது. கோபுரம் கிடைக்காத கைத்தொலைபேசி தனக்குத் தெரிந்த அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் துழாவி, சிறிது ஓய்ந்து, மறுபடியும் துழாவுகிறது. கந்தளாயைத் தாண்டி ஹபரணைப் பக்கம் போகும் காட்டுவழியில் பஸ்ஸில் இருக்கும்போதும், கொழும்புக்குப் போகும் இரவுப் புகையிரதத்தில் இருக்கும்போதும் கோபுரங்கள் மாறிக்கொண்டே வருவதால் வேலை இன்னும் கூடுகிறது. தூங்கப்போகிறீர்கள் என்றால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள்; பாட்டுக் கேட்கவேண்டுமானால் அந்த மோடிலேயே புளூடூத்தை மட்டும் மறுபடியும் இயக்கலாம்.

கடற்றொழிலுக்குப் போகும் சகோதரர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். கொட்பே, நிலாவெளி, குச்சவெளிக் கரைகளிலிருந்து வெளியே சென்று சிக்னல் முற்றாக அற்றுப்போன பின், கைத்தொலைபேசியை ஏரோப்ளேன் மோடில் வைத்தாலும் ஜிபிஎஸ் வேலைசெய்யும். ஜிபிஎஸ் செய்மதிகளிலிருந்து வரும் அலையைப் பெறுகிறதே தவிர எதையும் அனுப்புவதில்லை என்பதே அதற்குக் காரணம். கரையில் இருக்கும்போதே வரைபடத்தை இறக்கிவைத்துக்கொண்டால், இடத்தை அறிவதற்கு இணையம் தேவைப்படாது. ஜிபிஎஸ் தன் இடத்தைப் பிடிக்கச் சில நிமிடம் எடுக்கலாம், ஏனென்றால் வழக்கமாகக் கோபுரத்திடமிருந்து கிடைக்கும் உதவி அப்போது இல்லை. கரைக்குக் கிட்ட வரும்போது ஏரோப்ளேன் மோடை நீக்க மறக்கவேண்டாம்; உங்களை வீட்டார் தேடும் நேரம் அது. ஒருநாள் படகில் போகிறவர்களுக்குக் கைத்தொலைபேசி ஒரு துணை மட்டுமே; வானொலித் தொடர்புக் கருவிக்கு அது மாற்றாகாது.

டேட்டா, வைஃபை, ஹொட்ஸ்பொட்

வைஃபை ரவுட்டர் சில மீற்றர் தூரத்தில் இருப்பதால், அதே வேலையை மொபைல் டேட்டாவைவிட வைஃபையில் செய்வதே பெரும்பாலும் சிக்கனம். வைஃபை இணைப்பு சும்மா இருக்கும்போது பெரும்பகுதி நேரம் உறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே வீட்டிலும் அலுவலகத்திலும் வைஃபையை அணைத்து அணைத்துப் போடவேண்டிய அவசியமில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு: ரவுட்டர் முன்னறையிலும் நீங்கள் பின்னால் குசினியிலும் இருந்து, வைஃபை அறுந்து அறுந்து வந்தால், கைத்தொலைபேசி வைஃபைக்கும் டேட்டாவுக்கும் இடையில் தாவிக்கொண்டே இருக்கும். ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு நகர்த்துங்கள். ரவுட்டரில் இரண்டு அலைவரிசைகள் இருந்தால், தூர அறைகளுக்கு 5 கிகாஹேர்ட்ஸைவிட 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையே சுவர் கடந்து எட்டும்.

மொபைல் டேட்டாவில் பலரும் கவனிக்காத இடம் வேறு. ஒரு சிறிய செய்தி வந்து சேர்ந்ததும் வயர்லெஸ் பகுதி உடனே உறங்கிவிடுவதில்லை. இன்னும் ஏதாவது வரக்கூடும் என்று பல விநாடிகள், சில நெட்வேர்க்குகளில் பத்து விநாடி வரையிலும், விழித்திருக்கிறது. அதனால் ஒரு முழுப்படத்தை ஒரேயடியாக இறக்குவதற்கு ஆகும் செலவைவிட, நாள் முழுவதும் சிறுசிறு துண்டாக வந்துகொண்டிருக்கும் செய்திகள் கூடிய செலவை வைக்கக்கூடும். பழைய மாணவர் குழு, ஊர்ச் சங்கக் குழு, கல்யாணவீட்டுக் குழு என்று வட்ஸ்அப்பில் காலை வணக்கப் படங்கள் குவியும்போது நடப்பது இதுதான். படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை வட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் வைஃபைக்கு மட்டும் என்று வைத்துவிடுங்கள். சட் பேக்கப் எனப்படும் உரையாடல்களின் காப்புப் பிரதியையும் புகைப்படச் சேமிப்பையும் அவ்வாறே வைஃபைக்கு ஒதுக்குங்கள். அன்ட்ரொய்ட் 7இலிருந்து டேட்டா சேவர் என்ற அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால், நீங்கள் அனுமதிக்காத செயலிகள் பின்னணியில் டேட்டாவை எடுக்கமுடியாது.

ஹொட்ஸ்பொட்டை, அதாவது உங்கள் டேட்டாவை மற்றக் கருவிகளோடு பகிர்வதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை: கோபுரத்தோடும் அருகிலுள்ளவர்களோடும் ஒரே நேரத்தில் தொடர்பு கொள்வதால், ஒரு கைத்தொலைபேசியில் செய்யக்கூடிய மிகச் செலவான வயர்லெஸ் வேலைகளில் அது ஒன்று. பிள்ளைகளின் இணையவழி வகுப்புக்கு மடிக்கணினியை இணைப்பதானால் யூஎஸ்பி வயரில் இணையுங்கள். கைத்தொலைபேசிக்குச் சார்ஜும் ஏறும்.

புளூடூத், என்எப்சி, லொக்கேஷன்

புளூடூத் சும்மா இருக்கும்போது எடுப்பது மிகக்குறைவு. 2010இல் வந்த 4.0 பதிப்பு குறைந்த வலுவில் இயங்கவென்றே ஒரு முறையைக் கொண்டுவந்தது. கைத்தொலைபேசியைக் கிட்ட வைத்துக் காசு செலுத்த உதவும் என்எப்சி சில சென்ரிமீற்றர் தூரத்துக்கு மட்டுமே எட்டும் ஒன்று, திரை அணைந்திருக்கும்போது அது வழக்கமாக இயங்குவதும் இல்லை. இரண்டையும் விட்டுவிடலாம்.

லொக்கேஷனில்தான் கவனம் தேவை. அதை முழுதாக நிறுத்துவதைவிட, எந்தச் செயலிக்கு எப்போதும் அனுமதி இருக்கிறது என்று பார்த்து, பாவிக்கும்போது மட்டும் என்று மாற்றுவதே சரி. அன்ட்ரொய்ட் 10இலிருந்து இந்தத் தெரிவு இருக்கிறது. அன்ட்ரொய்டில் லொக்கேஷன் பகுதிக்குள் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் என்று இரண்டு சுவிட்சுகள் தனியாக இருக்கும். இவை இயங்கினால், வைஃபையை நீங்கள் அணைத்திருந்தாலும் இடத்தை அறிவதற்காகச் சுற்றுவட்டாரத்து ரவுட்டர்களைத் தேடுவது நடந்துகொண்டிருக்கும். ஐபோனிலும் இத்தகைய ஒன்று உண்டு: கொன்ட்ரோல் சென்ரரில் வைஃபைக் குறியை அழுத்துவது இணைப்பைத் துண்டிக்கிறதே தவிர வைஃபையை அணைப்பதில்லை, மறுநாள் அதிகாலை 5 மணிக்கு அது தானாக மறுபடியும் இணையும். உண்மையில் அணைக்கவேண்டுமானால் செட்டிங்ஸுக்குள் போகவேண்டும்.

மின்சாரம் இல்லாத நாட்களில்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, கைத்தொலைபேசிகள் வழக்கத்தைவிட வேகமாகச் சார்ஜ் இழந்ததைப் பலர் கவனித்திருப்பார்கள். வீட்டு ரவுட்டர் நின்றதும் கைத்தொலைபேசி மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறது. அருகிலுள்ள கோபுரத்தின் மாற்றுப் பற்றரியும் தீர்ந்தால், தொலைவிலுள்ள கோபுரத்தை எட்டிப்பிடிக்க முயல்கிறது. ஊரிலுள்ள எல்லோரும் அதே கோபுரத்தை நாடுவதால் டேட்டாவும் மந்தமாகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை பிடித்து மரம் விழுந்து மின்கம்பி அறுந்தாலும் நடப்பது இதேதான்.

அத்தகைய நாளில் சார்ஜ் இருபது வீதம் ஆகும்வரை காத்திருக்காதீர்கள். மின்சாரம் நின்றதுமே மொபைல் டேட்டாவை நிறுத்தி, அழைப்புக்கு மட்டும் கைத்தொலைபேசியைத் திறந்துவையுங்கள். செய்தி பார்க்கவேண்டுமானால் மணிக்கொரு தடவை டேட்டாவை இயக்கி, வந்ததையெல்லாம் ஒரேயடியாக வாங்கிக்கொண்டு மறுபடியும் நிறுத்துங்கள். சிக்னல் முற்றாகப் போய்விட்டால் ஏரோப்ளேன் மோடில் போட்டு, அவ்வப்போது நீக்கிப் பாருங்கள். வீட்டில் நாலு கைத்தொலைபேசி இருந்தால் இரண்டை அணைத்துவைத்து, சிக்னலின் எண் எதில் நன்றாக இருக்கிறதோ அதைப் பொதுவாகப் பாவியுங்கள். 1990 அம்புலன்ஸ் சேவைக்கும் 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் அழைக்கும் அளவுக்கு அந்த ஒன்றிலாவது சார்ஜ் மிஞ்சவேண்டும். ரவுட்டருக்கென்று விற்கப்படும் சிறிய யூபிஎஸ் ஒன்றை வாங்கக்கூடியவர்கள் வாங்கிவைப்பது நல்லது. வாங்குமுன் ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் அளவையும் அம்பியர் அளவையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.