சும்மா இருக்கிற இரத்தத்தைக் கழுவப் போகாதீர்கள்

திருகோணமலை உவர்மலையில், சிறுநீரகம் பழுதான எங்கள் பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கிழமையில் மூன்று நாள் டயலிசிஸ், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம். ஊசி ஏற்றுவதற்காக அவருடைய இடது கையில் நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், அதில் விரலை வைத்தால் உள்ளே வண்டு ரீங்காரமிடுவது மாதிரி அதிரும். வெளிநாட்டில் இருந்து வந்த மருமகன் அவரிடம் சொன்னது: “மாமா, அங்க சுகமா இருக்கிற ஆக்களே வயசு குறையட்டும் எண்டு காசு கொட்டி இரத்தம் வடிகட்டுறாங்க, உங்களுக்கு அது சும்மா கிடைக்குது.” மாமா சிரிக்கவில்லை.

பெரிய பிழையே இதுதான், எல்லா வடிகட்டலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. டயலிசிஸ் இரத்தத்தில் இருந்து வெளியேற்றுவது யூரியா, பொட்டாசியம், மேலதிக நீர். 1943 இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் முதல் மெஷினைச் செய்தபோது சொசேஜ் தோலுக்குப் பாவிக்கிற செலோஃபேன் குழாய்தான் அவருக்கு வடிகட்டி. பணக்காரர் செய்வது பிளாஸ்மா மாற்றம். இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து எடுத்துவிட்டு, பதிலுக்கு அல்புமின் என்ற புரதத்தை ஏற்றுவார்கள். கியான் பாரே என்ற நரம்பு நோய் வந்து கை கால் விழுந்த ஒருவருக்கு அது நல்ல வைத்தியம். ஆனால் அந்த வடிகட்டிக்குக் குப்பை எது, சரக்கு எது என்று தெரியாது, கிருமியோடு சண்டை பிடிக்கிற புரதமும் இரத்தத்தை உறைய வைக்கிற புரதமும் சேர்ந்தே போகும்.

அடுத்தது, எலியின் கதையை மனுசருக்குச் சொல்வது. 2020 இல் கலிபோர்னியாவில் கிழட்டு எலிகளின் பிளாஸ்மாவைப் பாதியளவு மாற்றிப் பார்த்தபோது தசை தேறியது, உண்மைதான். அதற்காக நமக்கும் ஆயுள் கூடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. வயசைக் குறைக்கக் காசு கொட்டுகிற அமெரிக்கப் பணக்காரர் பிரையன் ஜோன்சன் 2023 இல் மகனுடைய பிளாஸ்மாவையே ஏற்றிப் பார்த்துவிட்டு, பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டார்.

என்னைக் கேட்டால், எதிர்காலம் உடம்புக்குள் வைக்கிற செயற்கைச் சிறுநீரகத்தில் இருக்கிறது. சிறுநீரகக் கலங்களை அடக்கிய சின்னக் கருவியொன்று பன்றிக்குள் ஏழு நாள் வேலை செய்ததாக 2023 இல் அறிவித்தார்கள். மாமாவின் காலத்துக்குள் வருமோ தெரியாது.

சரி, நம்மூர்ப் பிழைக்கு வருவோம். நாளுக்கு 180 லீற்றர் வடிகட்டுகிற சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு, முழங்கால் நோவுக்குப் பார்மசியில் தாங்களாகவே மாதக்கணக்கில் டைக்ளோஃபெனாக் என்ற நோ மாத்திரையை வாங்கிப் போடுகிறார்கள், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சீனியோ பிரஷரோ இருந்தால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய வருசத்துக்கு ஒருக்கால் இரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்க்க வேண்டும், அதைச் செய்வதில்லை. அப்புறம் இந்த இளநீர். டயலிசிஸ் முடிந்து களைத்து வருகிறவருக்கு ஆசையாக வெட்டிக் கொடுப்பார்கள், அதில் பொட்டாசியம் அதிகம், இதயம் நின்றுபோகலாம். மாமா இப்போது நிலாவெளிப் பக்கம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவதையே குறைத்துவிட்டார், வேண்டாம் என்றால் கோவிக்கிறார்களாம்.