கெட்டுப்போன டேட்டாபேஸ் டேபிளை மீட்கும்போது செய்யக்கூடாதவை

கத்திரி வெயிலில் யூபிஎஸ் பேட்டரி சோர்ந்துபோய், கரண்ட் போன நொடியே பில் போடும் கம்ப்யூட்டரும் அணைந்துவிடுவது வேலூர் லாங்கு பஜார் மண்டிக்காரர்களுக்கும் காந்தி ரோடு லாட்ஜ்காரர்களுக்கும் தெரிந்த தொல்லைதான். பெரும்பாலும், பில் விவரங்களை டேபிள்களாகச் சேமிக்கும் டேட்டாபேஸ் சர்வரான மைஎஸ்க்யூஎல் மறுபடி எழும்போது தானே சரிசெய்துகொள்ளும். டிஸ்க் எழுதி முடிக்காததை முடித்துவிட்டதாகச் சொல்லியிருந்தால் டேபிள் கெடலாம்.

அப்போது முதல் தவறு, உடனே ரிப்பேரில் இறங்குவது. சர்வரை நிறுத்தி, டேட்டா ஃபோல்டரை அப்படியே வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். வேலையெல்லாம் அந்த நகலில்தான்.

ஸாம்ப் (டேட்டாபேஸும் வெப் சர்வரும் சேர்ந்த இலவசத் தொகுப்பு) போட்டிருப்பவர்கள் 'ஐபிடேட்டா1' ஃபைலை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்கிறார்கள். சர்வர் எழுந்துவிடும், டேபிள் பெயரும் தெரியும், திறந்தால் 'இன்ஜினில் இல்லை' என்று வரும். எந்த டேபிள் எந்த ஃபைலில் என்ற பதிவு அதில்தான் இருந்தது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். லாக் ஃபைல்களையும்தான்.

டேபிளைச் சேமிக்கும் பகுதிக்குத்தான் இன்ஜின் என்று பெயர்; மைஐசாம், இன்னோடிபி என்று பல உண்டு. 'ரிப்பேர் டேபிள்' கட்டளை மைஐசாம் போன்றவற்றுக்குத்தான் வேலை செய்யும், இன்னோடிபிக்கு அல்ல. இன்னோடிபிக்கு வழி, கான்ஃபிக் ஃபைலில் 'ஃபோர்ஸ் ரெக்கவரி' என்ற வரி; அதற்கு 1 முதல் 6 வரை எண் வைக்கலாம். நேராக 6 வைப்பது பெரிய தவறு. 1-இல் தொடங்கி, சர்வர் எழவில்லை என்றால் மட்டும் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 4-க்கோ அதற்கு மேலோ போனால் நல்ல பகுதியும் நிரந்தரமாகக் கெடலாம்.

டம்ப் (டேபிளில் உள்ளதை வெளியே ஒரு ஃபைலாக எடுப்பது) பாதியில் அறுந்தால் டேபிளே போனது என்று கைவிடாதீர்கள். இன்னோடிபி டேபிளின் வரிகளை 16 கேபி பக்கங்களாக வைக்கிறது. ஒரு வரி 200 பைட் என்றால், ஒரு பக்கம் கெட்டால் போவது சுமார் 70 வரிகள். பில் எண் பிரைமரி கீயாக (ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் எண்ணாக) இருந்து, 31,200-இல் அறுகிறது என்றால் அதற்குக் கீழே உள்ளதை எடுத்துவிட்டு, 31,300-க்கு மேல் கேளுங்கள். மறுபடி அறுந்தால் 31,400. பிறகு கடைசி எண்ணிலிருந்து இறங்குவரிசையில் கேட்டால், ஓட்டையின் மறுகரை தெரியும்.

எடுத்ததைப் புது சர்வரில் ஏற்றுங்கள். பழையதிலேயே அந்த ரெக்கவரி வரியை விட்டுவைத்து பில் போடத் தொடங்கக்கூடாது. விடுபட்ட எண்களை ஊகித்து நிரப்பவும் கூடாது: ஜிஎஸ்டி பதிவுள்ளவர்களுக்குப் போட்ட பில்களை ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்குத் தாக்கல்) படிவத்தில் ஏற்கெனவே ஏற்றியிருந்தால், எண்ணும் தொகையும் போர்ட்டலிலேயே இருக்கும், மற்றவற்றுக்கு பில் நகல்தான்.